கையுறையில்லாத பேஸ்பால்: 1860ஆம் ஆண்டு விதிகளின்படி ஆடத் தொடங்குவோருக்கு

அமெரிக்காவில் கோடைக்கால வார இறுதிகளில் சில புல்வெளிகளில் நடக்கும் பழங்கால பேஸ்பால் ஆட்டத்தைத் தொலைவிலிருந்து பார்ப்பவர், அதைப் பழைய உடை அணிந்து நடத்தும் ஒரு காட்சி என்று எண்ணக்கூடும். அருகில் சென்றால்தான் அது முடிவு முன்கூட்டித் தெரியாத மெய்யான போட்டி என்பதும், ஆடுபவர் ஒருவர் கையிலும் கையுறை இல்லை என்பதும் விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு விதிகளின்படி இவ்வாறு ஆடும் வழக்கம் 1980ஆம் ஆண்டையொட்டி நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள ஓல்ட் பெத்பேஜ் கிராம அருங்காட்சியகத்திலும், 1981இல் கொலம்பஸ் நகரில் தொடங்கப்பட்ட ஒஹையோ வில்லேஜ் மஃபின்ஸ் அணியிலும் வேர்விட்டது. 1996இல் இத்தகைய அணிகளுக்கென விண்டேஜ் பேஸ் பால் அசோசியேஷன் என்ற பொது அமைப்பும் உருவாயிற்று.

அப்படியோர் அணியில் சேர்ந்து ஆட விரும்பும் புதியவருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. பேஸ்பாலே ஆடியதில்லை என்பவர் தயங்க வேண்டியதில்லை. இன்றைய பேஸ்பாலில் தேர்ந்தவர் இங்கு வந்தால் பல பழக்கங்களை மறந்தாக வேண்டும். இளமையில் கிரிக்கெட் ஆடியவருக்கோ வெறுங்கையால் பந்து பிடிப்பதும், நடுவரிடம் கேட்டுத் தீர்ப்புப் பெறுவதும் முன்பே பழகியவை. இருவரில் கிரிக்கெட்காரரே விரைவில் தேறுவார் என்பது என் கணிப்பு. 1869இல் வெளிப்படையாகவே சம்பளம் பெற்று ஆடிய முதல் அணியான சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸை நடத்திய ஹாரி ரைட்டும் முதலில் தொழில்முறைக் கிரிக்கெட் ஆட்டக்காரராகத்தான் இருந்தார்.

முதலில் ஆண்டைக் கேளுங்கள்

பழைய பேஸ்பால் என்பது ஒரே விளையாட்டன்று. ஏறத்தாழ ஆண்டுதோறும் கூடிய மாநாடுகளில் விதிகள் திருத்தப்பட்டுவந்ததால், இன்றைய அணிகள் ஒவ்வொன்றும் ஏதேனும் ஓர் ஆண்டைத் தேர்ந்துகொண்டு அவ்வாண்டின் விதிப்புத்தகத்தின்படியே ஆடுகின்றன. ஆகவே ஓர் அணியை அணுகும்போது, கட்டணம் எவ்வளவு, பயிற்சி எங்கே என்பவற்றுக்கு முன்பாகக் கேட்க வேண்டியது, "நீங்கள் எந்த ஆண்டு விதிகளில் ஆடுகிறீர்கள்?" என்பதுதான். மற்ற எல்லாவற்றையும் அந்த விடையே தீர்மானிக்கும்.

நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் சங்கம் 1845இல் எழுதிவைத்த விதிகளில் இன்னிங்ஸ் எண்ணிக்கையே கிடையாது. 21 ஏஸ், அதாவது ரன், எடுத்தால் ஆட்டம் முடியும். 1846 ஜூன் 19 அன்று நியூ ஜெர்சி மாநிலம் ஹோபோக்கனின் எலிசியன் ஃபீல்ட்ஸ் திடலில் அச்சங்கம் தான் எழுதிய விதிகளின்படியே ஆடி 23க்கு 1 என்ற கணக்கில் தோற்றது. ஒன்பது இன்னிங்ஸ், அணிக்கு ஒன்பது பேர், ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்களான பேஸ்களுக்கிடையே 30 கஜம் என்பவை 1857 மாநாட்டில் முடிவாயின. நல்ல பந்தை அடிக்காமல் நிற்பவருக்கு ஸ்ட்ரைக், அதாவது அடிப்பவரின் பிழை, என்று சொல்லும் அதிகாரம் 1858இல் நடுவருக்குக் கிடைத்தது. மோசமாக எறிபவருக்கு எதிராக பால், அதாவது எறிபவரின் பிழை, என்று சொல்லும் அதிகாரம் 1864 பருவத்தில் வந்தது. ஒரு முறை தரையில் பட்டெழும் பந்தைப் பிடித்தாலும் ஆட்டமிழப்புதான் என்ற விதி, களத்துக்குள் அடிக்கப்படும் பந்துகளைப் பொறுத்தவரை 1865 பருவத்திலிருந்து நீக்கப்பட்டது. தோளுக்கு மேலே கையைச் சுழற்றி எறிய, தொழில்முறை அணிகளின் அமைப்பான நேஷனல் லீக் 1884இல்தான் அனுமதி அளித்தது.

மஃபின்ஸ் அணி 1860ஆம் ஆண்டு விதிகளில் ஆடுகிறது. மிச்சிகனின் டியர்போர்ன் நகரில் கிரீன்ஃபீல்ட் வில்லேஜ் அருங்காட்சியகத்தில் 1867ஆம் ஆண்டு விதிகளில் ஆடுகிறார்கள். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருந்தால் 1860ஐத் தேர்ந்தெடுங்கள். விதிகள் குறைவு, பந்தின் கடுமையிலிருந்து கைக்கு ஓரளவு தப்பிக்க வழி இருக்கிறது, அடிப்பவருக்கும் போதிய வாய்ப்புக் கிடைக்கிறது. கீழே வருபவையெல்லாம் அவ்வாண்டை வைத்தே சொல்லப்படுகின்றன.

இரண்டாவதாக, அணியின் உள்வழக்கங்களைக் கேட்டறிய வேண்டும். அடிக்கு முன்பே அடுத்த பேஸுக்கு ஓடுவதும் தரையில் சறுக்குவதும் 1860இல் தடைசெய்யப்பட்டவை அல்ல என்றாலும், காயங்களைக் குறைப்பதற்காகவும் ஆட்டத்தின் மென்மையைக் காப்பதற்காகவும் பல அணிகள் அவற்றைத் தடுத்தோ கட்டுப்படுத்தியோ வைத்திருக்கின்றன. இதை முன்னதாகக் கேட்டுக்கொள்ளாதவர் முதல் ஆட்டத்திலேயே எதிரணியின் முகச்சுளிப்பைச் சம்பாதிப்பார்.

திடலும் பொருள்களும்

திடலை அளப்பது எளிது. பக்கத்துக்கு 30 கஜம், அதாவது 90 அடி உள்ள சதுரம். அதன் ஒரு மூலை ஹோம், ஏனைய மூன்றும் பேஸ்கள். ஹோமில் நின்று அடிப்பவர் மூன்று பேஸ்களையும் வரிசையாகத் தொட்டு ஹோமுக்குத் திரும்பினால் ஓர் ஏஸ். ஹோமிலிருந்து சதுரத்தின் மையத்தை நோக்கி 15 கஜத்தில், அதாவது 45 அடியில், பந்தை எறியும் பிட்சர் நிற்கும் கோடு இருக்கும். இன்று அத்தொலைவு 60 அடி 6 அங்குலம் என்பதையும், பிட்சருக்கு மண்மேடு கட்டித்தரப்படுகிறது என்பதையும் நினைத்துப் பார்த்தால் இரண்டு ஆட்டங்களுக்கும் உள்ள வேறுபாடு புரியும். ஹோமும் பிட்சரின் இடமும் வெள்ளை பூசிய வட்ட இரும்புத் தகடுகள். மற்ற மூன்றும் மணலோ மரத்தூளோ அடைத்த, வெள்ளையடித்த கித்தான் பைகள். எல்லை வேலி பெரும்பாலும் இருக்காது. மரம், ஓடை, பார்வையாளர் நாற்காலி ஆகியவற்றில் பந்து பட்டால் என்ன செய்வது என்பதை அணித்தலைவர்கள் ஆட்டத்துக்கு முன்பே பேசி முடிவுசெய்வார்கள்; அந்தப் பேச்சின்போது அருகில் நின்று கேட்டுக்கொள்வது நல்லது.

1860ஆம் ஆண்டுப் பந்து இன்றையதைவிடப் பெரியது, சற்றே கனமானதும்கூட. எடை ஐந்தேமுக்கால் முதல் ஆறு அவுன்ஸ் வரை, சுற்றளவு ஒன்பதேமுக்கால் முதல் பத்து அங்குலம் வரை. ரப்பர் உள்ளீட்டின் மேல் கம்பளி நூலைச் சுற்றி, எலுமிச்சைத் தோலை உரித்து மூடியதுபோல நான்கு மடல்களாக வெட்டிய ஒரே தோலால் தைத்திருப்பார்கள். முழு ஆட்டத்துக்கும் ஒரே பந்துதான் என்பதால், போகப்போக அது மெத்தென்று ஆகிவிடும். ஏழாவது இன்னிங்ஸில் முதல் இன்னிங்ஸின் அடியை எதிர்பார்க்கக் கூடாது. மட்டை உருண்டையான மரமாக, பருத்த இடத்தில் இரண்டரை அங்குலத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும்; நீளத்துக்கு வரம்பில்லை. புதியவர் உடனே மட்டை வாங்க வேண்டாம். அணியில் உள்ளவற்றைக் கேட்டு வாங்கி நான்கைந்தை வீசிப் பார்த்தபின் வாங்கினால் பணம் வீணாகாது.

உடை முழுக்கால்சட்டை, மார்பில் கேடயம்போல் துணி பொத்தானிட்ட சட்டை, இடைவார், தொப்பி. எண்ணோ பெயரோ சட்டையில் இராது. கைக்கடிகாரம், குளிர்கண்ணாடி, பளிச்சென்ற காலணி ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். மோதிரத்தைக் கழற்றுவது மட்டும் பழங்காலத் தோற்றத்துக்காகச் சொல்வதன்று. விரல் வீங்கினால் மோதிரத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

வெறுங்கையில் பிடித்தல்

பயிற்சி நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்க வேண்டும். பழைய பேஸ்பாலின் விதிகள், ஆட்டக்காரர்கள் நிற்கும் இடங்கள், அடிக்கும் முறை ஆகிய எல்லாமே, பந்தைப் பிடிக்கும் கையில் எந்தப் பாதுகாப்பும் இல்லை என்ற ஒன்றிலிருந்தே பிறந்தவை. 1870களில் சிலர் மெல்லிய தோலுறை அணியத் தொடங்கியபோது கேலி செய்யப்பட்டார்கள். சார்லி வெய்ட் என்பவர் 1875இல் பிறர் கண்ணில் படாதிருக்கட்டும் என்று தோல்நிறத்திலேயே உறை அணிந்துகொண்டார்.

பந்தை இரண்டு கைகளாலும் வாங்குங்கள். மார்புக்கு மேலே வரும் பந்துக்கு விரல்கள் வானத்தையும், இடுப்புக்குக் கீழே வருவதற்கு விரல்கள் தரையையும் நோக்க வேண்டும். விரல்நுனி ஒருபோதும் பந்தை எதிர்நோக்கி இருக்கலாகாது. இவ்விளையாட்டில் மடங்கி வீங்கும் விரல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு தவறால் வந்தவை. பந்து உள்ளங்கையைத் தொடும் கணத்தில் கைகளை உடலை நோக்கி இழுத்து அதன் வேகத்தைக் கரைத்துவிட வேண்டும். தரையோடு உருண்டு வருவதற்கு முழங்கால் மடக்கி உடலை அதன் பாதையில் நிறுத்துங்கள். கை தவறினாலும் கால் தடுக்கும். பயிற்சியில் முதலில் பத்தடியில் நின்று மெல்லத் தூக்கிப்போட்டுப் பிடித்து, சிறிதுசிறிதாகத் தொலைவைக் கூட்டுவது கைக்கு நல்லது.

இப்போது அந்தத் தப்பும் வழிக்கு வருவோம். 1860ஆம் ஆண்டு விதியில், அடித்த பந்தைத் தரையில் படுமுன் பிடித்தாலும், ஒரு முறை பட்டெழும்பியபின் பிடித்தாலும் அடித்தவர் ஆட்டமிழப்பார். நம் தெருக் கிரிக்கெட்டில் 'ஒன் பிட்ச் கேட்ச்' என்று ஆடியவருக்கு இது புதிதாக இராது. எகிறிவரும் உயரப் பந்துக்கு அடியில் ஓடிச்சென்று கையை நீட்டுவதற்குப் பதிலாக, இரண்டடி பின்வாங்கி, அது எழும்பி வேகம் குறைந்தபின் வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் எப்போதும் அப்படிச் செய்வது அறிவீனம். நேராகப் பிடித்தால், பேஸ்களில் உள்ள ஓடுபவர்கள் தத்தம் பேஸுக்குத் திரும்பியாக வேண்டும். திரும்புமுன் பந்து அங்கு போய்ச் சேர்ந்தால் அவர்களும் ஆட்டமிழப்பார்கள். எழும்பியபின் பிடித்தால் அடித்தவர் மட்டுமே வெளியேறுவார். ஓடுபவர்கள் திரும்ப வேண்டியதில்லை, தொடர்ந்து ஓடலாம். ஆகவே பேஸ்கள் காலியாக இருந்தால் பொறுத்திருந்து வாங்குங்கள். ஓடுபவர் இருந்தால், குறிப்பாக மூன்றாவது பேஸில் ஒருவர் நின்றால், கை வலித்தாலும் நேராகப் பிடியுங்கள். பேஸ்பால் எழுத்தின் முன்னோடியான ஹென்றி சாட்விக் எழும்பும் பந்தைப் பிடிப்பது ஆண்மைக்கு அழகன்று என்ற தொனியில் பல ஆண்டுகள் வாதாடி அவ்விதியை நீக்கச் செய்தார். களத்தில் நின்று பார்த்தவர்கள் அவரோடு முழுதும் உடன்பட மாட்டார்கள். எப்போது பொறுப்பது, எப்போது பாய்வது என்ற இந்தத் தீர்மானம் ஆட்டத்துக்கு ஒரு நுட்பத்தைச் சேர்க்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

தலைக்கவசமும் முகமூடியும் இல்லாத காலம் அது. அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தை வாங்கும் கேட்ச்சரின் கம்பி முகமூடி 1877இல் ஹார்வர்ட் மாணவர்களிடையே உருவானது. அதனால் கேட்ச்சர் அடிப்பவருக்குப் பல அடிகள் பின்னால் நின்று, பந்து ஒரு முறை தரையில் பட்டபின் வாங்குவார். புதியவரை முதல் நாளே அங்கு நிறுத்தினால் பணிவாக மறுத்துவிடுங்கள். வலப்பக்க வெளிக்களம் தொடக்கத்துக்கு ஏற்ற இடம்.

எறிதலும் அடித்தலும்

பந்தை மட்டைக்கு 'பிட்ச்' செய்ய வேண்டும், வீசவோ வெட்டி எறியவோ கூடாது என்பது விதி. கையை நீட்டியபடி இடுப்புக்குக் கீழே ஊசலாட்டி, மணிக்கட்டைச் சொடுக்காமல் விட வேண்டும். புரூக்ளினின் எக்செல்சியர் அணிக்கு ஆடிய ஜிம் கிரெய்ட்டன் 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேகத்தையும் சுழலையும் புகுத்தியபோது அவர் மணிக்கட்டைத் திருட்டுத்தனமாகச் சொடுக்குகிறார் என்று பலர் குற்றஞ்சாட்டினர். இன்றைய பழங்கால அணிகள் பெரும்பாலும் கிரெய்ட்டனுக்கு முந்தைய மனநிலையிலேயே ஆடுகின்றன: பிட்சரின் வேலை அடிக்கத்தக்க பந்தை அளிப்பது, ஆட்டமிழக்கச் செய்வது மற்ற எட்டுப் பேரின் வேலை.

அடிப்பவருக்கு அக்காலப் பெயர் ஸ்ட்ரைக்கர். ஹோம் தகட்டின் நடுவே செல்லும் கோட்டில் நின்று, தமக்கு ஏற்ற பந்து வரும்வரை காத்திருக்கலாம். நல்ல பந்துகளைத் தொடர்ந்து விட்டுக்கொண்டே இருந்தால் நடுவர் முதலில் எச்சரிப்பார், பிறகு ஸ்ட்ரைக் எண்ணுவார். மூன்று முறை வீசித் தவறவிட்டாலும், கடைசிப் பந்தைக் கேட்ச்சர் நேராகவோ ஒரு முறை எழும்பியபின்னோ பிடிக்காவிட்டால், அடிப்பவர் முதல் பேஸுக்கு ஓட வேண்டும். எத்தனை மோசமான பந்து வந்தாலும் நடந்துபோய் முதல் பேஸை வாங்கும் வழி 1860இல் இல்லை.

உயரத் தூக்கி அடிக்காதீர்கள். வெளிக்களத்தார் இருமுறை வாய்ப்புப் பெறும் ஆட்டத்தில், வானளாவிய அடி பெரும்பாலும் ஆட்டமிழப்பிலேயே முடியும். தரையோடு பாய்ந்து, களத்தடுப்பாளரை அடையுமுன் இரண்டு முறை பட்டுவிடும் அடியே பயனுள்ளது. அடித்த பந்து ஃபேரா (களத்துக்குள் விழுந்து செல்லுபடியாவது) ஃபௌலா (எல்லைக்கோட்டுக்கு வெளியே விழுந்து செல்லாதது) என்பது அது முதலில் தரையைத் தொடும் இடத்தைப் பொறுத்ததே என்பதும் நினைவில் இருக்கட்டும். ஹோமுக்கு முன்னே உள்ளே பட்டுச் சுழன்று எல்லைக்கோட்டுக்கு வெளியே ஓடிவிட்டாலும் அது ஃபேர்தான். இவ்வகை அடியில் கைதேர்ந்தவர் சிகாகோவின் ராஸ் பார்ன்ஸ். 1877இல் அவ்விதி மாற்றப்பட்டதும் அவரது கணக்கு சரிந்தது.

ஓடுதல்

முதல் பேஸைத் தாண்டி ஓடிவிட்டுத் திரும்பும் இன்றைய சலுகை 1860இல் கிடையாது; பையின் மேலேயே நின்றாக வேண்டும். கடைசி மூன்று அடிகளில் வேகத்தைக் குறைக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

ஃபௌல் பந்து அடிக்கப்பட்டால் ஆட்டம் நின்றுவிடும், ஓடுபவர்கள் திரும்ப வேண்டும். பந்து பிட்சரின் கைக்கு வந்து சேர்ந்த பின்னரே அது மீண்டும் உயிர்பெறும். இதில் ஒரு பொறி இருக்கிறது. பந்து பிட்சருக்குப் போய், அங்கிருந்து பேஸுக்கு ஓடுபவருக்கு முன்பே வந்துவிட்டால் அவர் ஆட்டமிழப்பார். ஆகவே நடுவர் ஃபௌல் என்று குரல் கொடுத்ததும் நடந்து திரும்பாமல் ஓடித் திரும்புங்கள். நீங்கள் களத்தடுப்பில் இருந்தால் பந்தை நேராகப் பேஸுக்கு எறியாமல் பிட்சருக்கு எறியுங்கள்.

தொப்பியால் பந்தைத் தடுக்கும் ஆசையையும் அடக்க வேண்டும். அப்படித் தடுத்த பந்தாலோ, பார்வையாளர் எடுத்துக் கொடுத்த பந்தாலோ, அது பிட்சரின் கைக்குப் போகும்வரை எவரையும் ஆட்டமிழக்கச் செய்ய முடியாது.

ஓர் இன்னிங்ஸில் மூன்றாவதாக வெளியேறியவருக்கு அடுத்த பெயருடையவரே அடுத்த இன்னிங்ஸைத் தொடங்குவார். அந்த மூன்றாமவர் அடித்தவராக இல்லாமல் பேஸில் ஓடியவராக இருந்தாலும் இதுவே விதி. பெயர்வரிசை இதனால் அடிக்கடி குழம்பும். உங்களுக்கு முன்னே யார் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

நடுவரும் மரியாதைகளும்

நடுவர் ஒருவரே, ஹோமுக்குச் சற்று விலகிப் பக்கவாட்டில் நிற்பார். ஃபௌல் போன்ற சிலவற்றைக் கேட்காமலே உரக்கச் சொல்வார். மற்றவற்றில் ஆட்டக்காரர்கள் தாமே ஒப்புக்கொள்வார்கள் என்பது எதிர்பார்ப்பு, ஐயம் எழுந்தால் "தீர்ப்பு, ஐயா" என்ற பொருளில் 'ஜட்ஜ்மென்ட், சர்' என்று கேட்பார்கள். பந்து உங்கள் கையில் இருமுறை தரைபட்டபின் வந்ததென்றால் நடுவர் வாயைத் திறக்குமுன் நீங்களே சொல்லிவிட வேண்டும். தீர்ப்பை எதிர்த்து வாதாடுவதும் கெட்டவார்த்தை பேசுவதும் அபராதத்துக்குரியவை. நிக்கர்பாக்கர் சங்கத்தில் கெட்டவார்த்தைக்கு ஏறத்தாழ 6 சென்ட் வாங்கினார்கள், இன்றைய அணிகள் சில 25 சென்ட் வாங்குகின்றன. நடுவரும் கணக்கரும் ஆட்டக்காரரும் ஆட்டத்தின்மேல் பந்தயம் கட்டக் கூடாது என்பது அப்போதே எழுதிவைத்த விதி.

ஹோமைத் தொட்டு ஏஸ் எடுத்தவர் கணக்கரின் மேசைக்குச் சென்று அதைப் பதியச் சொல்வதும், பல இடங்களில் அங்குள்ள மணியை அடிப்பதும் வழக்கம். ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் எதிரெதிரே வரிசையாக நின்று, அணித்தலைவர்கள் மற்ற அணியைப் பாராட்டிப் பேச, 'ஹஸா' என்று மூன்று முறை முழங்குவார்கள். அறைகூவல் விடுத்த அணி கொண்டுவந்த பந்து வென்றவருக்குப் பரிசாகச் சேரும்.

அக்கால வழக்கங்களில் திரும்பக் கொண்டுவரத் தகாதவையும் உண்டு. ஆக்டேவியஸ் காட்டோ முன்னின்று நடத்திய பிலடெல்ஃபியாவின் பிதியன் சங்கத்தில் கறுப்பின ஆட்டக்காரர்கள் இருந்ததால், 1867இல் அதற்குப் பொது அமைப்புகளில் இடம் மறுக்கப்பட்டது. வாசர் கல்லூரிப் பெண்கள் 1866இலேயே தங்களுக்குள் அணிகள் அமைத்து ஆடினார்கள் என்றாலும் பொதுவெளியில் அவர்களுக்குத் திடல் இல்லை. நீங்கள் சேரவிருக்கும் அணி யாரையெல்லாம் ஆடவிடுகிறது என்பதையும் பார்த்துச் சேருங்கள்.

ஒரு பருவம் முழுவதும் 1860இல் ஆடியபின் வேறு ஆண்டுக்கு மாறிப் பார்க்கலாம். 1864 விதிகளில் எச்சரிக்கைக்குப்பின் மூன்று பால் எண்ணப்பட்டால் முதல் பேஸ் கிடைக்கும். 1865க்குப் போனால் ஃபேர் பந்தை நேராகத்தான் பிடிக்க வேண்டும். 1858இல் டெடம் நகரில் விதிகள் எழுதப்பட்ட 'மாசசூசெட்ஸ் ஆட்டம்' என்ற வேறுவகை பேஸ்பாலை முயல்வதானால், பேஸ்களுக்குப் பதிலாக நான்கடி உயரக் கழிகள் நிற்கும், ஃபௌல் என்பதே கிடையாது, ஒருவர் ஆட்டமிழந்தால் அணியே மாறும், 100 ஏஸ் எடுக்கும்வரை ஆட்டம் நீளும். ஓடுபவரை ஆட்டமிழக்கச் செய்ய அவர்மேலேயே பந்தை எறிவார்கள் என்பதால், அதற்குரிய மெல்லிய, எடை குறைந்த பந்தைத்தான் கொண்டுவந்திருக்கிறார்களா என்று கையில் வாங்கி அழுத்திப் பார்த்துவிட்டுத் திடலில் இறங்குங்கள்.